இரண்டாவது கியர்

டிப்போவில் அவளுக்கு வைத்த பெயர் ‘உள்ளூர் சர்வீஸ்’. வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். டீசல் போட்ட பஸ்ஸை எடுத்துக் கழுவும் இடத்தில் விடுவாள். கழுவி முடித்ததைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்துவாள். பழுதுபார்க்கும் குழிக்கு மேல் இம்மி பிசகாமல் ஏற்றிக் கொடுப்பாள். வண்டி பெரிய கேட்டை நோக்கி வரும், கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் ஒடியும். நான்கு வருஷமாக இதே பிழைப்பு. காக்கிச் சட்டையும், மார்பில் பேட்ஜும், பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸும் இருந்தும் அவள் ஓட்டிய பஸ் ஒரு நாளும் தெருவைப் பார்த்ததில்லை. டிப்போவுக்குள் இரண்டாவது கியருக்கு மேல் போட இடமும் கிடையாது.

அவளை யாரும் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான். அரசு பஸ் ஓட்டும் வேலைக்குப் பெண்கள் வந்தால் மறுக்கக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. அதுவரை தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவள் விண்ணப்பித்தாள், மேட்டிலும் வளைவிலும் ஓட்டிக் காட்டினாள், தேர்வானாள். வேலையில் சேர வந்த அன்று மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். சட்டம் அவளைக் கேட்டுக்கு உள்ளே கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டது.

உள்ளே வேறொரு ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஜோடி என்று பெயர். மாதம் பிறந்ததும் கண்டக்டர்கள் டைம் கீப்பரின் ஜன்னலுக்கு வந்து, தாங்கள் எந்த டிரைவரோடு போகப் போகிறோம் என்று சொல்வார்கள். சொன்னபடி டூட்டி விழும். எந்த விதியிலும் இது கிடையாது, வெறும் பழக்கம். கண்டக்டர் இல்லாமல் பஸ் கேட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. அவள் பெயரைச் சொல்ல ஒரு கண்டக்டரும் ஜன்னலுக்கு வரவில்லை. அவ்வளவுதான், பூட்டு விழுந்துவிட்டது.

ஒருவருக்கு வீட்டில் மனைவி சம்மதிக்கவில்லை. இன்னொருவருக்குக் கூட்டத்தில் பெண்பிள்ளை பதறிப்போவாளே என்ற கவலை. மற்றவர்கள் காரணம் எதுவும் சொல்லாமல் பழைய ஜோடியின் பெயரையே கொடுத்துவிட்டு நழுவினார்கள். மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது மீசைக்காரக் கண்டக்டருக்கு மட்டும்தான். ஒரு நாள் குழாயடியில் அவளைத் தனியாகப் பார்த்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“தங்கச்சி, நீ ஓட்டுறதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா நாளைக்கும் நான் அந்த டீக்கடை பெஞ்சுல இவனுங்க கூடத்தானே உக்காரணும்?”

மேனேஜரிடம் முறையிட்டால், நானா தடுத்தேன் என்று அவளையே திருப்பிக் கேட்பார். கண்டக்டர் ஒருவன் கிடைத்தால் இந்த நிமிஷமே எடுத்துக்கொண்டு போகட்டும் என்பார். கதவு திறந்துதான் கிடக்கிறது என்று சிரிக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? வேலையை விட்டுத் தொலைக்கலாம் என்றால், பார்த்தீர்களா, கொடுத்தோம், அவளாலேயே முடியவில்லை என்று அடுத்து வருகிற பெண்ணுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துவார்கள். அந்த நினைப்பிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

வீட்டில் இதைவிட மோசம். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சரியாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள், அந்த நாளை வரவே இல்லை. கணவன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவன்; கேட்டால்தான் பேசுவான், தானாக எதையும் கேட்க மாட்டான். மாமியார் அப்படி அல்ல. மருமகள் பஸ் ஓட்டுகிறாள் என்று தெருக்கோடி வரை தம்பட்டம் அடித்துவிட்டு, எந்த ரூட் என்று தினமும் துளைத்தெடுத்தாள். இவள் ஒரு நாள் மார்க்கெட் ரூட் என்பாள், மறுநாள் ஆஸ்பத்திரி ரூட் என்பாள். மாமியார் அந்தந்த ஸ்டாப்பில் போய் நின்று வருகிற பஸ்ஸின் டிரைவர் சீட்டையெல்லாம் எட்டி எட்டிப் பார்ப்பாள். உன் வண்டி மட்டும் என் கண்ணில் சிக்கவே மாட்டேன் என்கிறதே என்று அவள் அலுத்துக்கொள்ளும்போது மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கடைசியில் மாமியார் ஒரு காலையில் நேரே டிப்போவுக்கே வந்துவிட்டாள். காவலாளியோடு வாயடித்தபடி கேட்டுக்கு வெளியே நின்றவள், மருமகள் பெரிய பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்காமல் கையை ஆட்டினாள். பஸ் இடது பக்கம் ஒடிந்து கழுவும் இடத்துக்குப் போயிற்று. அடுத்த பஸ்ஸும் வந்தது, ஒடிந்தது. ஆட்டிய கை மெல்ல இறங்குவதை மருமகள் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். காவலாளி சிரித்துக்கொண்டே ஏதோ விளக்குவதையும் பார்த்தாள். அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. ஆனால் வரிசையில் இன்னும் பஸ்கள் நின்றன. எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மாமியார் திட்டுவாள், அழுவாள், தெருவில் தலைகாட்ட முடியாது என்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்து அவள் வீட்டு வாசலில் தயங்கி நின்றாள். மாமியார் புடவையை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

“பொய் சொன்னதுக்கு உன்னை அப்புறம் வச்சுக்கறேன். வண்டி கழுவுற இடம் வரைக்கும் ஓட்டவாடி உனக்கு அவ்ளோ பெரிய லைசென்ஸ் குடுத்தாங்க? இந்தச் சட்டத்தைப் போட்டவங்க ஆபீஸ் எங்க இருக்கு, அதச் சொல்லு.”

அந்த ஆபீஸின் பெயர் சம வாய்ப்பு ஆணையம். மறுநாள் இருவரும் போனார்கள். மாடியில் ஒரு நீண்ட அறை, சுற்றாத மின்விசிறி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடும் ஓர் அதிகாரி. இவரா நம்மைக் கரையேற்றப் போகிறார் என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. மாமியாரே அவர் நெற்றியைச் சுட்டிக்காட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டுவிட்டு, டிப்போவுக்கே வந்து பார்க்கிறேன் என்றார்.

சொன்னபடி டிப்போவுக்கும் வந்தார். யாரும் தடுக்கவில்லை என்று மேனேஜர் பழைய பாட்டையே பாடினார். யாரும் தடுக்கவில்லை என்றால் வண்டி ஏன் போகவில்லை என்று அதிகாரி கேட்டதற்கு, ஜோடி வழக்கம் என்று பதில் வந்தது. சட்டம் பெரிசா வழக்கம் பெரிசா என்று அவர் வாதாடவில்லை. இனி யார் யாரோடு போவது என்பதை மேனேஜர்தான் முடிவு செய்ய வேண்டும், கண்டக்டர்கள் அல்ல என்று ஆணையத்தின் பெயரால் உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். பாவம், அவசரப்பட்டுவிட்டாள். மறுநாள் அவளோடு போட்டிருந்த மீசைக்காரருக்குக் காய்ச்சல். அதற்கு மறுநாள் போட்டவருக்கு வயிற்றுப்போக்கு. இன்னொருவருக்குப் பாட்டி செத்துப்போனாள். அவருக்கே பேரன் பேத்தி இருந்தார்கள். காலையில் அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருப்பாள். ஆள் வராது. எஞ்சினை அணைத்துவிட்டு, கழுவ வேண்டிய வண்டியைத் தேடிப் போவாள். முன்பாவது உத்தரவு இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. இப்போது உத்தரவும் இருந்தது, அவளும் அங்கேயேதான் இருந்தாள். ஒரு நாள் அணைத்த எஞ்சினுக்கு மேல் தலையைக் கவிழ்த்து அழுதேவிட்டாள்.

விஷயம் காதுக்கு எட்டியதும் அதிகாரி மறுபடியும் வந்தார். இந்த முறை மேனேஜரிடம் எதுவும் கேட்கவில்லை. டைம் கீப்பரின் ஜன்னலுக்குப் போய், உடம்புக்கு ஒன்றும் இல்லாத கண்டக்டர் இந்த டிப்போவில் வேறு யாராவது உண்டா என்று சும்மா விசாரித்தார். அப்பாவியான டைம் கீப்பர் உதவி செய்யும் ஆர்வத்தில் வாயை விட்டுவிட்டார்.

“நம்ம மேனேஜர் சாரே கண்டக்டரா இருந்து வந்தவர்தான் சார். லைசென்ஸ் கூட இன்னும் செல்லும்.”

மேனேஜர் பார்த்த பார்வையில் டைம் கீப்பர் பாதியாகிப்போனார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆள் வராத நாளில் டிப்போவின் பொறுப்பாளரே வண்டியோடு போக வேண்டும், இன்றைக்கே என்று சொல்லிவிட்டு, கேட்டருகே ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

தோளில் டிக்கெட் பை மாட்டிய மேனேஜரைப் பார்க்க டிப்போவே திரண்டது. காய்ச்சல்காரர்களுக்கெல்லாம் எப்படியோ அன்று குணமாகிவிட்டது. அவர் பின்படியில் ஏறி நின்று, போகலாம் என்று கையைக் காட்டினார். அவள் அசையவில்லை.

“விசில் குடுங்க சார். விசில் வராம வண்டி எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிருக்கீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் பையைத் துழாவினார், விசிலை எடுத்தார், ஊதினார். கேட்டை நெருங்கியதும் அவள் கைகள் தாமாக இடது பக்கம் திரும்பப் பார்த்தன. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் நேராகப் போயிற்று. ஸ்டூலில் இருந்தவர் வழிவிட எழுந்து நின்றார்.

எப்படியோ சேதி தெரிந்து, முதல் ஸ்டாப்பிலேயே மாமியார் நின்றுகொண்டிருந்தாள். ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் இடம் பிடித்து உட்கார்ந்து, பக்கத்துக்காரிக்கு எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். அடுத்தடுத்த ஸ்டாப்களில் கூட்டம் ஏறியது. நீளமான சாலை வந்தது. எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. நடந்துபோனால் சீக்கிரம் போகலாம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். எங்கே தப்பு என்று அவளுக்குப் புரியவே இல்லை. இதற்காகத்தான் காத்திருந்தார்கள், நாளைக்கு டீக்கடையில் இதைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கியர்க் கம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ குத்தலாகச் சொல்லத்தான் வாயெடுத்தார், சொல்லவில்லை. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“கியரை மாத்தும்மா,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “ரெண்டுலேயே ஓட்டிட்டிருக்க.”

நாளைக்கு விசில் கொடுக்க யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கிளட்ச்சை மிதித்து, கம்பியை முன்னால் தள்ளினாள். மூன்றாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது.