கீர்த்திக்குப் பிடித்த சாலட்

புவனேஸ்வரி யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்பதுதான். பால்காரரைக் கேட்பாள், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவரைக் கேட்பாள். இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது, உட்கார வைத்துத் தட்டைப் போட்டுவிடுவாள். பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுக்கு எதிரில் நான் மாவுக் கடை வைத்திருக்கிறேன். அவளால் எனக்கு வியாபாரம் கெட்டதுதான் மிச்சம். மாவு வாங்க வருகிறவர்களை அவள் கூப்பிட்டு இட்லி போட்டு அனுப்பினால் அவர்கள் எதற்கு மாவு வாங்கப் போகிறார்கள்?

அவள் கணவர் குமரகுரு தறியில் இருப்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே நெய்கிற ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பாள். கை ராட்டையில் இருக்கும், கண் தெருவில் இருக்கும். ஒரு மணி ஆனால் மட்டும் ராட்டையை நிறுத்திவிட்டுப் போனை எடுப்பாள். ஒரே மகள் கீர்த்தி, சென்னையில் கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. ஹாஸ்டலில் இருந்தாள், சனிக்கிழமை பஸ் பிடித்து வருவாள். அம்மா கேட்பது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? ஆபீசில் போனை எடுத்துப் பேச முடியாது என்பதால் மதியம் சாப்பிடுவதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவாள்.

முதலில் எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்றுதான் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் அது வந்தது. கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பச்சை இலை, வட்டம் வட்டமாக வெங்காயம், தக்காளி, நாவல்பழம் மாதிரி கறுப்பாக ஏதோ நாலு, பொரித்த ரொட்டித் துண்டு, எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஒரு குழம்பு. புவனேஸ்வரி தெருவைத் தாண்டி ஓடி வந்து எனக்குக் காட்டினாள். ஆடு மேய்ந்துவிட்டுப் போன மிச்சம் மாதிரி இருக்கிறதே என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தாலி சாலட்டாம்க்கா. பெரிய ஓட்டல்ல போடறதாம். அவளுக்கு அதான் புடிச்சிருக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லா மதியமும் அதுவேதான். ஆறு மாதம் அந்தக் கிண்ணத்தைத் தவிர வேறு படம் வரவில்லை. வீட்டுக்கு வந்தாலும் பெண் சோற்றில் கை வைப்பதில்லை. விடிந்ததிலிருந்து நின்று வத்தக்குழம்பும் அப்பளமும் செய்து வைத்தால், நாலு வாய் தின்றுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவாள். தன் சமையல் மகளுக்குக் கசந்துவிட்டது என்று புவனேஸ்வரி என் கடையில் உட்கார்ந்து ஒரு நாள் அழுதாள். பட்டணத்துப் பழக்கம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். ஆரணியில் ஒரு வரன் ஏறக்குறைய முடிந்திருந்தது. தையில் நிச்சயம் என்று பேச்சு.

ஐப்பசியில் கீர்த்திக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று அவள் ஹாஸ்டலிலேயே படுத்துக் கிடந்திருக்கிறாள். தகவல் தெரிந்து குமரகுரு போய் அழைத்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டெங்கு என்றார்கள், ரத்தம் ஏற்றினார்கள், உடம்பில் தாங்கும் சக்தி இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் கதை முடிந்தது. இருபத்தாறு வயது. கொசு கடித்துச் சாகிற வயதா அது? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சாமி பேரைச் சொன்னால்கூட எரிச்சல்தான் வருகிறது.

கல்யாணம் ஆகாமல் போய்விட்ட பெண்ணுக்கு எங்கள் பக்கம் கன்னிப் படையல் போடுவார்கள். வருஷம் திரும்பியதும் வீட்டில் படத்தை வைத்து, புதுப் புடவை, வளையல், பூ எல்லாம் வைத்து, அவளுக்குப் பிடித்த பலகாரங்களைச் செய்து இலை போட வேண்டும். கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே உட்கார்ந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அவள் வந்து சாப்பிட்டுப் போவாள் என்பது நம்பிக்கை. குமரகுருவின் அக்கா ரேணுகாம்பாள்தான் முறை சொல்ல வந்தார். சர்க்கரைப் பொங்கல், வடை, பாயசம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். புவனேஸ்வரி நடுவில் புகுந்து, அவளுக்குப் பிடித்தது சாலட்தான், அதைத்தான் வைக்கப் போகிறேன் என்றாள்.

ரேணுகாம்பாளுக்கு முகம் கோணிவிட்டது. போனில் படத்தைப் பார்த்துவிட்டு, பச்சை இலையையும் வெங்காயத்தையும் படையலில் வைக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார். ஒரு வருஷமாக வாயைத் திறக்காத குமரகுரு அப்போதுதான் பேசினார். "அவளுக்குப் புடிச்சத வெக்கறதுக்குத்தான படையல். வெக்கட்டும்க்கா" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சென்னையிலிருந்து வரவழைத்துவிடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். யார் கை பட்டதோ, முட்டை சேர்த்தார்களோ என்னவோ, தலைக்குக் குளித்து வீட்டில் சமைப்பதுதான் படையல் என்றாள் புவனேஸ்வரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உசுரோட இருந்தப்ப அவளுக்குப் புடிச்சத ஒரு நாளும் நான் செஞ்சு போடலியேக்கா. இந்த ஒரு தடவையாவது என் கையால செஞ்சு போடணும்."

போனில் ஒரு அம்மாள் சமையல் வீடியோவில் ரெஸ்டாரன்ட் ஸ்டைல் என்று சொல்லி அதைச் செய்து காட்டினாள். கையில் எடுத்த எல்லாமே எங்களுக்குப் புதிதாக இருந்தது. லெட்டூஸ் என்கிற அந்தக் கீரை முட்டைக்கோஸுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தது, ஆனால் தொட்டால் வாடுகிறது. மாவு வைக்கிற என் பிரிட்ஜில் பாதியை அதற்குக் காலி செய்து கொடுத்தேன். ஆலிவ் எண்ணெய் என்றால் எங்களுக்குப் பிறந்த குழந்தைக்குத் தேய்க்க மருந்துக் கடையில் வாங்குவதுதான் தெரியும். புவனேஸ்வரி அந்தக் குட்டி பாட்டிலைத்தான் வாங்கி வைத்திருந்தாள். நான் திட்டி, பெரிய கடைக்கு அனுப்பி, சமைக்கிற எண்ணெயை வாங்க வைத்தேன்.

அந்த வெள்ளைக் குழம்புதான் பெரிய பாடாகப் போனது. முட்டை இல்லாமல் அது கெட்டியாக வர வேண்டும். தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தோம். ஊறவைத்த முந்திரியை என் சின்ன மிக்ஸி ஜாரில் வெண்ணெயாக அரைத்தோம். பால் ஏடு, பூண்டு, மிளகுத் தூள், கொஞ்சம் வினிகர், ஒரு சிட்டிகை சர்க்கரை, துருவிய சீஸ் என்று எல்லாம் சேர்த்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தோம். பீட்சாவோடு கொடுப்பார்களே, ஆரிகானோ பொட்டலம், அதுவும் போட்டோம். முதல் தடவை திரிந்துபோனது. மறுபடி செய்தோம். வீடியோ அம்மாள் கடைசியில் சிரித்துக்கொண்டே, உப்பும் புளிப்பும் சுவை பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

எங்களுக்குத் திக்கென்றது. படையலுக்குச் செய்வதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, எச்சிலாகிவிடும். அதனால் முதல் நாளே செய்து பார்த்து அளவை முடிவு செய்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். ஆனால் எது சரியான சுவை என்று எங்கள் மூன்று பேரில் யாருக்குத் தெரியும்? நான் ஒரு வாய் தின்றேன். குழம்பு பரவாயில்லை, இலை தண்ணீரை மென்றது போல் இருந்தது. புவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள், மகளின் நாக்கைத் தேடுகிறவள் போல. புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அவளுக்குப் பிடிக்கும் என்று அவளே முடிவு செய்து, வினிகர் இன்னும் கால் ஸ்பூன் என்றாள். குமரகுரு தின்றுவிட்டு வெகு நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையா தெனமும் தின்னா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் புவனேஸ்வரி தலைக்குக் குளித்து ஈரப் புடவையோடு சமைத்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருந்தது உண்மை. ஒரு வருஷத்தில் முதல் முறையாக அவள் கை சுறுசுறுப்பாக இருந்ததைப் பார்த்தேன். கூடத்தில் கீர்த்தியின் படம், அதன் முன்னால் அப்பா நெய்த அரக்குப் பட்டு, வளையல், பூச்சரம். தலைவாழை இலையில் எல்லாம் வைத்தாள். சோறு மட்டும் பேருக்கு ஒரு பிடி. சோறு அவளுக்கு வேண்டாம்க்கா, பாவம், கண்டாலே எழுந்துவிடுவாள் என்றாள். இலை நடுவில் கண்ணாடிக் கிண்ணத்தில் சாலட்டை வைத்து, போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ரொட்டித் துண்டுகளை மாற்றி அடுக்கினாள். கற்பூரம் காட்டியதும் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தோம்.

அந்த நேரத்தில்தான் அனு வந்தாள். வேலூர்ப் பெண், கீர்த்தியோடு அதே கம்பெனியில் வேலை, ஹாஸ்டலிலும் ஒரே அறையில் இருந்தவள். பஸ் தாமதம் என்று சொல்லி புவனேஸ்வரியைக் கட்டிக்கொண்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, உள்ளே என்னவெல்லாம் வைத்திருக்கிறேன் தெரியுமா என்று புவனேஸ்வரி சொல்ல ஆரம்பித்தாள். முந்திரி அரைத்ததை, தயிர் வடித்ததை, முதல் தடவை திரிந்துபோனதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அனுவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அத எடுத்துடுங்கமா."

"ஏம்மா, அதுல எதுனா தப்பா போட்டுட்டனா?"

"தப்பு இல்லமா. அவளுக்கு அது புடிக்காது." அனு அழுதுகொண்டே சொன்னாள். "மூக்கைப் புடிச்சுக்கினு முழுங்குவா. நிச்சயத்துக்குள்ள எட்டு கிலோ எளைக்கணும்னு சொல்லிக்கினே இருப்பா. நீங்க ஒரு மணிக்குக் கேப்பீங்க, பட்டினின்னு தெரிஞ்சா பயந்துக்குவீங்கன்னு அதப் படம் புடிச்சு அனுப்புவா. காலைல ஒண்ணும் கெடையாது, ராத்திரி ஒண்ணும் கெடையாது. நான் டிபன் பாக்ஸைத் தொறந்தா பக்கத்துல வந்து உக்காந்துக்குவா. வாசனை மட்டும் புடிச்சுக்கறேன்டின்னு சொல்லுவா."

எனக்கு ஆரணிக்காரர்கள் பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் வந்தது. முதல் சாலட் படம் வந்ததற்கு முந்தின வாரம் அது. பையனின் அம்மா கேசரியை இரண்டாம் தடவை வாங்கித் தின்றுகொண்டே, பெண் மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள், உடம்பு மட்டும் கொஞ்சம் இளைத்தால் எங்கள் பையனுக்கு ஜோடியாக இருக்கும் என்று சிரித்தாள். அந்த வாயில் கொள்ளியை வைக்க. அவர்கள் போன பிறகு புவனேஸ்வரி மகளின் தலையைத் தடவி, சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள் கண்ணு என்று சொன்னாள். எந்தத் தாயும் சொல்லக்கூடிய வார்த்தைதான். கொஞ்சம் என்றுதான் சொன்னாள்.

புவனேஸ்வரி அழவில்லை. அனுவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பசிக்குதுன்னு சொல்லுவாளா?"

அனு என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடு என்று நான் கண்ணால் கெஞ்சினேன். சின்னப் பெண், அவளுக்குப் பொய் வரவில்லை.

"சொல்லுவாமா. கல்யாணம் முடியட்டும், எங்கம்மா கையால வயிறு முட்ட சாப்புடுவேன்னு சொல்லுவா."

புவனேஸ்வரி எழுந்தாள். நேரத்துக்கு முன்னால் கதவைத் திறக்கக் கூடாது என்று ரேணுகாம்பாள் குறுக்கே வந்தார். அவரை ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இலையிலிருந்து கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். சமையலறைக்குப் போய், வந்தவர்களுக்கென்று வடித்து வைத்திருந்த சோற்றுப் பானையையும் வத்தக்குழம்புச் சட்டியையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, கரண்டி தேடாமல் கையாலேயே சோற்றை அள்ளி வைத்தாள். ஆவி பறக்கிற சோறு, கை சிவந்துபோனது. குழம்பை ஊற்றினாள். மறுபடி சோறு வைத்தாள். சாப்பிடு கண்ணு, சாப்பிடு கண்ணு என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

சோறு வடையை மூடியது, பொங்கலை மூடியது, இலை நிறைந்து தரையில் வழிந்தது. அரக்குப் பட்டின் ஓரத்தில் குழம்பு பட்டது. குமரகுரு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார்.

"போதும் புவனா."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லாதீங்க. போதும்னு அவ சொல்லட்டும், நிறுத்திக்கறேன்" என்றாள். பானையில் இன்னும் சோறு இருந்தது. அவள் அள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள்.