பந்தலுக்கடியில் ஓடிய ஜெபமணி அக்கா

போன புதன்கிழமை காலை நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு கொப்பரை வியாபாரி பம்பாய்க்கு லைன் கிடைக்காத கோபத்தில் என் காதுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். அப்போது சூப்பர்வைசர் வந்து என் தோளைத் தொட்டு, "ஜெபமணி அக்கா போயிட்டாங்க" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கீங்க, மலைப் பக்கமா?" என்று கேட்டேன்.

பத்து நாளாக மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்பது எனக்குத் தெரியாததல்ல. முந்தின நாள் சாயங்காலம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் இத்தனை வருடங்களாக ஜெபமணி அக்கா போய்விட்டார் என்று யார் சொன்னாலும், ஓடப் போய்விட்டார் என்றுதான் பொருள். நாக்கு பழக்கத்தில் கேட்டுவிட்டது. சூப்பர்வைசர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். கொப்பரை வியாபாரி பாவம், நெடுநேரம் அலோ அலோ என்று கத்தியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெபமணி அக்கா எங்கள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை எழுதி, வேலைக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதிதாக வந்த பெண்கள் யாராவது, "மாப்பிள்ளை கிடைக்கலீங்களா அக்கா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால், "கெடச்சாங்க அம்மணி, கூட ஓடி வரத்தான் அவிங்களுக்குத் தெம்பு இல்ல" என்பார்.

ஓட்டம் அவருக்கு நாற்பதுக்கு மேல் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உட்கார்ந்தே வேலை பார்த்து முதுகுவலி என்று டாக்டரிடம் போனார். டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது அக்காவுக்கு ஒரே வாரத்தில் சலித்துவிட்டது. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கினார், சுடிதார் தைத்தார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். அப்போதெல்லாம் அந்த வயதில் சுடிதார் போட்டாலே தெரு திரும்பிப் பார்க்கும். ஓடினால் கேட்கவே வேண்டாம்.

என்னையும் விடவில்லை. நான் அன்றே கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். "எனக்கெதுக்குங்க அக்கா இதெல்லாம்? என்னை நாயா தொரத்துது?" என்றேன். "நாய் தொரத்தறப்ப பழக நேரமிருக்காதுங்க அம்மணி. ஞாயித்துக்கெழமை மொத பஸ்ஸுக்கு வந்துருங்க" என்றார்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உண்டானது. ஆபரேட்டர்கள் நால்வர், லைன்மேன்கள் இருவர், பம்பு கம்பெனிக் கணக்கர் ஒருவர். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கரட்டுக் குன்றின் மேல் ஏறி, ஓடையோடு இறங்கி, திராட்சைத் தோட்டங்களுக்குள் புகுந்து சரிவில் ஓடி, மறுபக்கம் சர்ச்சுக்குப் பக்கத்தில் வெளியே வருவோம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் போட்ட பந்தல்கள் தலைக்கு மேல் பச்சையாக விரிந்திருக்கும். நான் குள்ளம், எனக்குக் கவலையில்லை. அக்கா நெட்டை, குனிந்தேதான் ஓட வேண்டும். கொடிக்கு மயில்துத்த மருந்து அடித்திருக்கும் நாட்களில் அவர் தலையும் தோளும் நீலம் பாய்ந்திருக்கும். "சாமி வேசமுங்க அக்கா" என்று லைன்மேன் முருகேசன் கிண்டல் செய்வான். "நம்ம சாமி நீலமில்லீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவனையும் முந்திப் போவார்.

ஒரு வருடம் திராட்சைப் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் கூத்து நடந்தது. நாங்கள் ஏழு பேரும் சென்னியப்பன் என்பவருடைய தோட்டத்துக்குள் தடதடவென்று நுழைந்தோம். காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்தார். மலையடிவாரத்தில் மனிதர்கள் கூட்டமாக ஓடினால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. கூடையை அப்படியே போட்டுவிட்டு அவரும் ஓடினார். அடுத்த வரிசைக்காரர்கள் அவரைப் பார்த்து ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் தோட்டமே எங்களுடன் ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் ஓடிய ஓர் அம்மா மூச்சிரைக்க, "ஏனுங்க, ஒத்த ஆனைங்களா, கூட்டமுங்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் யானை என்ற சொல் காதில் விழுந்ததும் நானும் பறந்தேன்; என் வாழ்நாளிலேயே வேகமாக ஓடியது அன்றுதான். அக்காதான் முதலில் நின்றார். "ஆனை இல்லீங்க! நாங்க சும்மா ஓடறோமுங்க!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். அந்த அம்மா இடுப்பில் கை வைத்து நின்று, "சும்மாவா? சும்மா எதுக்குங்க ஓடோணும்?" என்று கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவருடைய பழமெல்லாம் மிதிபட்டுப்போயிருந்தது. அடுத்த ஞாயிறு தோட்டத்துக் கேட்டில் பூட்டுத் தொங்கியது.

தார்ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றோம். அக்கா ஒப்பவில்லை. அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "எங்கம்மா முப்பது வருசம் இந்தத் தோட்டத்துல காய் பறிச்சாங்க. பள்ளிக்கூடம் உட்டு வந்தா நான் இந்த கேட்டுக்கு வெளியதான் நிக்கோணும், உள்ள வரப்படாது. ஓட ஆரம்பிச்ச பொறவுதான் மொத மொதல்ல உள்ள போனேன். இன்னொரு வாட்டி வெளிய நிக்க என்னால ஆகாது அம்மணி" என்றார். அது வரைக்கும் அவர் எங்களிடம் இதைச் சொன்னதில்லை.

மிதிபட்ட பழத்துக்கு வருத்தம் சொல்லி, அனுமதி கேட்க அவரே போனார். துணைக்கு நானும் போனேன். பறிப்பு முடிந்த பிறகு ஒரு ஞாயிறு பெரிய ஓட்டமாக நடத்தப் போவதாகவும், கேட்டைத் திறந்துவிட்டால் போதும் என்றும் சொன்னார். சென்னியப்பன் மோர் கொடுத்து உபசரித்தார். பிறகு, "பாக்கலாமுங்க" என்றார்.

எங்கள் ஊரில் "பாக்கலாமுங்க" என்றால் முடியாது என்று பொருள். பெண் கேட்டுப் போனவர்கள் இந்த ஒரு சொல்லைக் கேட்டால் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்வது எங்களுக்கு மரியாதைக் குறைவு. அக்கா அந்த மண்ணிலேயே பிறந்தவர், அவருக்குத் தெரியாதா? ஆனால் மறுநாள் டூட்டியில் எல்லோரிடமும், "தோட்டத்துக்காரரு பாக்கலாம்னுட்டாருங்க!" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஓட வரச் சொல்லி நாற்பது பேருக்குக் கடிதாசி போனது.

அந்த ஞாயிறு அவர் சர்ச் ஹாலிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கேட்டு வாங்கி, தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டிய கேட்டுக்கு முன்னால் நாற்பது பேர் நின்றோம். உள்ளே சென்னியப்பன் நின்றார். அக்கா நாற்காலியை விரித்துக் கம்பிக்கு இந்தப் பக்கம் போட்டார்.

"நீங்க பாக்கலாம்னு சொன்னீங்களே. நின்னுட்டே பாத்தா கால் வலிக்குமுங்க. வந்து உக்காந்து பாருங்க."

சென்னியப்பன் அவரை உற்றுப் பார்த்தார். "நீ ரோசம்மா மவதான? ஆத்தாளைப் போலவே வாயி" என்றார்.

"எங்கம்மா இந்தத் தோட்டத்துல வாயே தொறந்ததில்லீங்க. எனக்குத்தானுங்க பேசறதுக்குன்னே சம்பளம் தர்றாங்க."

சென்னியப்பன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். நாற்காலியில் உட்காரவும் செய்தார். கடைசி ஆளாக நான் தள்ளாடி உள்ளே நுழைந்தபோது, "பாத்துப் போங்க அம்மணி, பள்ளமிருக்குது" என்று அவர் சொன்னதைக் கேட்டேன். நடுத் தோட்டத்தில் அக்கா ஒரு வரிசையின் முன்னால் நின்று கல்தூணைத் தொட்டுக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா அம்மணி, தோட்டத்துக்காரரு திட்டவேயில்ல!" என்றார். அதற்குப் பிறகு அந்த கேட்டுக்குப் பூட்டு போடவில்லை.

வியாழக்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டம் சென்னியப்பன் தோட்டத்துக்கு அக்கட்டால், அந்தப் பக்கம் இருக்கிறது. சவத்தைத் தார்ரோட்டில் சுற்றித்தான் கொண்டுபோவார்கள், அதுதான் அந்த ஊர் வழக்கம். விளைநிலத்துக்குள் சாவு வர யாரும் விடமாட்டார்கள். அதுவும் அக்கா பிறந்த கூலித் தெருவின் சாவை. நாங்கள் ரோட்டில் திரும்பியபோது சென்னியப்பன் எதிரில் நின்றார். தோளிலிருந்த துண்டு கையில் இருந்தது.

"சுத்திக்கிட்டு எதுக்குங்க? இப்பிடியே வாங்க. அவிங்க போற தடந்தானுங்க இது" என்றார்.

பாதிரியார் தயங்கினார். எங்களுக்குத் தயக்கமில்லை. தோளில் தூக்கினால் பெட்டி கம்பியில் இடிக்கும் என்பதால் இறக்கி, கையில் பிடித்து, எல்லோரும் குனிந்து பந்தலுக்குள் நுழைந்தோம். ஒரு பக்கம் முருகேசன், ஒரு பக்கம் நான். எனக்கு முன்னால் சென்னியப்பன் பிடித்திருந்தார். பாதித் தூரம் ஒழுங்காகத்தான் நடந்தோம். பிறகு சரிவு வந்தது. பெட்டியின் கனம் எங்களை இழுத்தது. கால்கள் தாமாக வேகமெடுத்தன. பின்னாலிருந்து பாதிரியார், "மெதுவா, மெதுவா!" என்று கத்தினார். நிறுத்த முடியவில்லை. உண்மையைச் சொன்னால், நிறுத்த மனமில்லை. கண்ணீர் கொட்டக் கொட்ட நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சென்னியப்பனும் வேட்டியை மடித்துக் கட்ட நேரமில்லாமல் ஓடினார்.

பாதிரியார் வந்து சேரும்வரை குழிக்குப் பக்கத்தில் உங்களை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம், அக்கா. போய் வாருங்கள். அன்றைக்கும் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தது நீங்கள்தான்.