நீரில்லாத உப்பு

ஆஸ்பத்திரிக்குப் பின்னால, சலவைக்கூடத்தை ஒட்டி மருந்து கலக்குற அறை. அங்க இருபத்திரண்டு வருஷமா குப்பை கொட்டினவளுக்கு எல்லாரும் வச்ச பேரு தராசக்கா. அட்டவணையைப் புரட்டிப் பார்க்குற வழக்கமே அவளுக்குக் கிடையாது. எந்த உப்பு எத்தனை கிராம்னு கேட்டா, கேட்ட வாய் மூடுறதுக்குள்ள பதில் வந்துடும். "உங்களுக்கு மூளைக்குப் பதிலா தராசை வச்சு அனுப்பிட்டாங்கக்கா"ன்னு பிரசவ வார்டு நர்ஸ் கிண்டல் பண்ணுவா. அக்காவுக்கு அதுல உள்ளூர ஒரே பெருமை. புருஷன் சின்ன வயசுலயே போயிட்டான், பிள்ளைகுட்டியும் இல்லை. தப்பே பண்ணாதவங்குற பேரு ஒண்ணுதான் அவ சேர்த்து வச்ச சொத்து.

அவ வேலை என்னன்னா, எண்ண முடியாததை எடை போட்டு எண்ணுறது. மூலக்கூறை ஒவ்வொண்ணா யாரு எண்ண முடியும்? அதனால பன்னெண்டுக்கு ஒரு டஜன்ங்குற மாதிரி, ஒரு பெரிய எண்ணிக்கைக்கு மோல்னு பேரு வச்சிருக்காங்க. மக்னீசியம் சல்பேட் ஒரு மோல் வேணும்னா இருநூத்து நாப்பத்தாறு கிராம். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தா ட்ரிப்ல ஏத்துறது அந்த உப்பைத்தான்.

அன்னிக்குப் பழைய டப்பா காலியாகி, புதுசைத் திறந்தா. அதே வெள்ளை, என்ன, கொஞ்சம் மாவாட்டம் இருந்துச்சு. அவ கை பாட்டுக்கு வழக்கமான எடையைப் போட்டுச்சு. கரைச்சு, பாட்டில்ல அடைச்சு, வார்டுக்கு அனுப்பிட்டா.

மறுநாள் மதியம், தலைப்பிரசவத்துக்கு வந்த பொண்ணு ஒருத்திக்கு ட்ரிப் ஏறிக்கிட்டிருக்கும்போதே மூச்சு நின்னு போச்சு. பிள்ளையை மட்டும்தான் காப்பாத்த முடிஞ்சுது. அந்தப் பிரசவ வார்டு நர்ஸ்தான் ட்ரிப்பை வேகமா விட்டுட்டான்னு பழியைப் போட்டு, அவளை அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

சேதி கேட்டதும் அக்காவுக்கு மாவாட்டம் இருந்த அந்த உப்புதான் ஞாபகம் வந்துச்சு. ஓடிப்போய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தா. நீரற்றதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு! அவ இத்தனை வருஷம் எடை போட்ட உப்பு தண்ணியைச் சுமந்துக்கிட்டிருக்குற உப்பு. ஒரு மக்னீசியம் அணுவுக்கு ஏழு தண்ணி மூலக்கூறு கூடவே இருக்கும், எடையில பாதி தண்ணிதான். தண்ணி இல்லாததுல ஒரு மோல் நூத்து இருபது கிராம்தான் வரும். அவ போட்டது ரெண்டு மடங்கு. அந்த உப்பு அளவு மீறினா மூச்சையே நிறுத்திடும்.

வார்டுல மிச்சமிருந்த பாட்டில்களை, "புதுசு கலக்கியிருக்கேன், பழசைக் குடுங்க"ன்னு வாங்கிட்டு வந்து தொட்டியில கொட்டினா. வேற உசுரு போகாமத் தடுத்துட்டா, நிஜம். கூடவே தடயத்தையும் கழுவிட்டா பாவி! சொல்லிடணும், சொல்லிடணும்னு நாலு நாள் ஓடிச்சு. மேலதிகாரி அறை வாசல் வரைக்கும் போவா, திரும்பி வந்துடுவா.

அஞ்சாம் நாள் காலையில எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, நேரா நர்ஸ் வீட்டுக்குப் போனா.

கதவைத் திறந்த நர்ஸோட தலையில எண்ணெய் இல்லை, கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. கட்டை விரல் மட்டும் ட்ரிப்போட வேகத்தைக் கூட்டிக் குறைக்குற குட்டிச் சக்கரத்தை உருட்டுற மாதிரி சும்மா ஆடிக்கிட்டே இருந்துச்சு. "எவ்வளவு திருப்பினேன்னு ஞாபகமே வரமாட்டேங்குதுக்கா."

"நீ சரியாத்தான் திருப்பினே தாயி. மருந்துலதான் தப்பு. நான் பண்ணினது."

விரல் நின்னுச்சு. "எப்பக்கா தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்குச் சாயங்காலமே."

நர்ஸ் சுவத்தோட சாஞ்சு அப்படியே உட்கார்ந்துட்டா.

"நேத்து அந்தப் பொண்ணோட வீட்டுக்குப் போனேன்க்கா. அவ புருஷன் பச்சைப் பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. அவர் கால்ல விழுந்து, நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."