மணிக் கவுனும் இரண்டு பிளவுஸும்

பாச்சாங்கில் இருக்கும் தையல் கடைக்கு இன்று ஒரு கவுனோடு போனேன். பழைய துணி விற்கும் பண்டல் கடையில், குவியலுக்கு அடியில் கிடைத்தது. கறுப்புப் பட்டு. கழுத்திலிருந்து கால்வரை கையால் கோத்துத் தைத்த கண்ணாடி மணிகள். என்னைவிட மூத்த கவுன். ஜிப் மட்டும் போயிருந்தது.

தையல்கார அக்கா விரித்துப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அடேயப்பா, என்னா வேலைப்பாடு! வெட்டுனா சேலைக்கு ரெண்டு பிளவுஸ் வரும் லா.”

“பிளவுஸ் வேணாம்க்கா, ஜிப் மட்டும் மாத்துங்க. சனிக்கிழமை எங்க ஃபேக்டரி டின்னருக்குப் போடப் போறேன்.”

“இப்படியேவா? அதுவும் கறுப்புல?”

கத்தரிக்கோலை எடுத்தே விட்டார். நான் கவுனை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

“ஒரு மணியக்கூட வெட்ட விடமாட்டேன்க்கா.”

முனகிக்கொண்டே ஜிப்பை மாற்றினார். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நடக்க நடக்க மணிகள் சலசலத்தன. தையல் மெஷின் நின்றது.

“இந்தச் சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களேடி!”

“பாக்கட்டும்க்கா.”

உங்கள் வீட்டில் பிளவுஸ் ஆகாமல் தப்பிய நல்ல துணி ஒன்றாவது உண்டா?

நான் வந்ததும் முதல் வேலையாக வீட்டுக் கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டேன். அம்மா இன்னும் கவுனைப் பார்க்கவில்லை.