நீலக் கட்டிலில் முதலில் படுப்பவன்

எங்கள் சேவைக் கிளப்புக்குச் சொந்தமாக மூன்று ஆஸ்பத்திரிக் கட்டில்கள் இருக்கின்றன. இரண்டு வெள்ளை, ஒன்று நீலம். கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும். எங்கள் ஊரான சிலிபினில் ஒரு கடைவீட்டின் பின்கட்டுதான் எங்கள் ஸ்டோர். அங்கே சக்கர நாற்காலிகளுக்கும் தீபாவளிக்குக் கொடுக்கும் அரிசிப் பைகளுக்கும் நடுவே அவை நிற்கும். யார் வீட்டிலாவது ஒருவர் எழ முடியாமல் படுத்துவிட்டால் எங்களுக்குப் போன் வரும். சனிக்கிழமை என் லோரியில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வருவோம். வாடகை கிடையாது. தேவை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்.

தேவை எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கட்டில்கூட வேறு விதமாகத் திரும்பி வந்ததில்லை. வீட்டுக்காரர்கள் போன் செய்து, "அண்ணே, கட்டில வந்து எடுத்துக்குங்க" என்பார்கள். அவ்வளவுதான். நாங்களும் ஏன், எப்போது என்று கேட்க மாட்டோம். போகிற வழியில் ஒரு மாலை வாங்கிக்கொள்வோம்.

நான் டயர் கடை வைத்திருந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மிச்சத்தையெல்லாம் கடைக்கு வந்தவர்கள் வாயிலிருந்து கற்றுக்கொண்டேன். என் குணத்துக்காகத்தான் கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லிக்கொள்வேன். "லோரிக்காக" என்று செயலாளர் திருத்துவார். அவர் ஆடிட்டர். பூர்வீகம் செட்டிநாடு. டைப் அடித்த கடிதம் மாதிரிப் பேசுவார். எங்களோடு மூன்றாவது ஆளாக வருபவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை நாங்கள் மிஸ்ஸி என்றே கூப்பிடுவோம்.

கட்டிலில் நான் முதலில் படுக்கும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது மிஸ்ஸிதான். காம்பாரில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா கட்டிலைப் பார்த்ததுமே ஏற மாட்டேன் என்று அழுதார். மிஸ்ஸி என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க படுங்க" என்றார்.

"நானா?"

"மொதல்ல படுக்கிறவரு எந்திரிச்சிட்டா, அப்புறம் படுக்கிறவங்களும் எந்திரிச்சிடுவாங்க. படுங்கலா."

நான் படுத்தேன், எழுந்தேன். அந்த அம்மாவும் படுத்தார். திரும்பி வரும்போது, அது எங்கே கேள்விப்பட்டது மிஸ்ஸி என்றேன். "அங்கேயே நின்னு யோசிச்சதுதான்" என்று சிரித்தார். ஆனால் பேச்சு பரவிவிட்டது. அப்புறம் போகிற வீட்டிலெல்லாம், "படுக்கிற அண்ணன் வரலியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "நூற்றுப் பத்து கிலோவைத் தாங்கிய கட்டில் எவரையும் தாங்கும்" என்று செயலாளர் தன் பங்குக்குச் சொல்லி வைப்பார்.

படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த உயரத்திலிருந்து பார்க்க எல்லோர் முகமும் வெறும் தாடையாகத் தெரியும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்தும் குனிந்து சத்தமாகப் பேசுவார்கள். நான் எழும்போது அடியில் ஒரு ஸ்பிரிங் 'கிறீச்' என்று கத்தும். நீலக் கட்டிலுக்கு மட்டும்தான் அந்தச் சத்தம்.

எங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. இதற்கு முன்னால் யார் படுத்தார்கள் என்று கேட்டால் சொல்லக்கூடாது. "கிளப் கட்டில்" என்று மட்டும் சொல்ல வேண்டும். செயலாளர் போட்ட விதி அது. அதை நான் ஒரே ஒரு முறைதான் மீறியிருக்கிறேன்.

போன வருஷம் பீடோர் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அப்பா குளிக்கும் இடத்தில் விழுந்து, இரண்டு மாதமாகத் தரையில் பாயில் கிடக்கிறார் என்றார். வியாழக்கிழமை மிஸ்ஸி போய்ப் பார்த்துவிட்டு வந்து முகத்தைச் சுருக்கினார். "இடுப்புக்குக் கீழ படுக்கைப் புண்ணு. தரையில கெடந்தா ஒத்த ஆளா அந்தப் பொண்ணால திருப்பிப் போட முடியல. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போச்சுன்னா எலும்பத் தொட்டுரும். அப்புறம் நம்ம கையில இல்லண்ணே. கட்டில் போயே ஆவணும்."

சனிக்கிழமை வெள்ளைக் கட்டிலைத்தான் எடுத்தோம். ஏற்றுவதற்கு முன் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. எண்ணெய் விட்டேன், தட்டினேன். முந்தின வாரம் சுற்றிய கைப்பிடி அது. இன்னொரு வெள்ளைக் கட்டில் வேறு வீட்டில் இருந்தது. மிஞ்சியது நீலம்தான். இரண்டு மாதத்துக்கு முன் சிலிபினிலேயே ஒரு வீட்டிலிருந்து நான் போய் எடுத்து வந்து, மருந்துத் தண்ணீர் விட்டுக் கம்பி கம்பியாகக் கழுவி வைத்தது. அதை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம். இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. அந்த மரங்களுக்குள் போய்விட்டால் பட்டப்பகலிலும் வெளிச்சம் கொஞ்சம் கெட்டுப்போன மாதிரி இருக்கும். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒரு லயம் மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். பதினாறு வீட்டில் மூன்றில்தான் ஆள். மற்றவற்றில் கதவே இல்லை. லோரி உள்ளே போனதும் மூன்று நாய்கள் எழுந்து வந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. லோரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே கூட நடந்து வந்தன.

பெரியவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். கட்டில் இன்னும் லோரியில், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் அவர் திரும்பாமலே கேட்டார்.

"கம்பி வச்ச கட்டிலா கொண்டாந்திருக்கீங்க?"

"எல்லாக் கட்டிலும் கம்பிதாங்கய்யா" என்று சிரித்தேன்.

"அதில்ல தம்பி. டம்ளர் வைக்கிற கம்பி. தலைமாட்டுல, வலது பக்கம்."

அப்படி எதுவும் இல்லை என்றேன். இறக்கினோம், மாட்டினோம், மிஸ்ஸி புது விரிப்பு விரித்தார். தலைமாட்டை நெருங்கிய செயலாளர் அப்படியே நின்றுவிட்டார். வலது பக்கத்துக் கம்பியின் உள்புறம் ஒரு வளையம் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணத்தைத் தாங்குவதற்குக் கட்டுவார்களே, அந்த வளையம். அதே முறுக்கு. அந்தக் கட்டிலை என் கையால் கழுவினேன். என் கண்ணில் அது படவே இல்லை.

மகள் என்னைச் சமையல் கட்டுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, இந்தக் கட்டில் எங்கேருந்து வந்துச்சு?"

"கிளப் கட்டில்மா."

"சிலிபின்லேருந்தா?"

என் கண் கட்டில் பக்கம் போனது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்பாவுக்கு ஒரே ஒரு கூட்டாளி, முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மரங்களில் பால் வெட்டியவர்கள், அவர் மகனோடு சிலிபினுக்குப் போய்விட்டார் என்று மெதுவாகச் சொன்னார். தினமும் போனில் பேசிக்கொள்வார்களாம். இரண்டு மாதத்துக்கு முன் அவர் இறந்துவிட்டார்.

"அப்பாகிட்ட சொல்லலண்ணே. சொன்னா சோறு திங்க மாட்டாரு. போன் கெட்டுப் போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். இந்தக் கம்பியப் பத்தி அவரு போன்லயே சொல்லியிருப்பாருண்ணே. அதான் அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. இல்ல?"

நியாயமான பேச்சுதான். ஆமாம்மா என்றேன். ஆனால் அன்று காலை சுற்ற மறுத்த வெள்ளைக் கட்டிலின் கைப்பிடி என் மனதை விட்டுப் போகவில்லை.

திரும்பி வந்தால் பெரியவரை மிஸ்ஸி இந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருந்தார். அவர் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கிற முகம். நானும் செயலாளரும் தூக்கக் குனிந்தோம்.

"பொறுங்க. அவன் எறங்கட்டும்."

"யாருங்கய்யா?"

"படுத்திருக்கான் பாரு."

விரிப்பில் ஒரு மடிப்புகூட இல்லை.

மிஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்தார். "ஐயா, புண்ணு பெருசாவுது. இன்னிக்கு நீங்க மேல ஏறிப் படுத்தே ஆவணும்."

"ஆள் படுத்திருக்கிற எடத்துல நான் எப்படி மிஸ்ஸி படுக்கிறது? எந்திரிடான்னுதான் சொல்றேன். கேக்க மாட்டேங்கிறான். அந்தக் காலத்துலயும் அப்படித்தான். வேலைக்குக் கூப்பிடுற பெரட்டு மணி அடிச்சாலும் ரெண்டாவது மணிக்குத்தான் எந்திரிப்பான்."

வலுக்கட்டாயமாகத் தூக்கியிருக்கலாம். அவர் எடை அரை மூட்டை அரிசிதான் இருக்கும். ஆனால் பயந்து உதறினால் புண் கிழியும். மிஸ்ஸி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, படுங்க."

எத்தனையோ வீட்டில் படுத்தவன். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கால் யோசித்தது. உட்கார்ந்து, பிறகு சாய்ந்தேன். மேலே தகரக் கூரை. ஓர் ஆணி ஓட்டை வழியாக நூல் மாதிரி வெயில் இறங்கியது. அந்தச் சூட்டில் உடம்பெல்லாம் வேர்த்தது, வலது கையைத் தவிர. வலது கை மட்டும் கிணற்றுப் படியில் வைத்த மாதிரிச் சில்லென்று இருந்தது.

பெரியவர் சிரித்தார். "ஏந்தம்பி ஓரத்துல ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்க? விழுந்துறப் போற."

அப்போதுதான் பார்த்தேன். நூற்றுப் பத்து கிலோ உடம்பு இடது விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. ஒரு கால் வெளியே தொங்கியது. வளையம் இருந்த வலது பாதி காலியாகக் கிடந்தது. நானாக நினைத்து அப்படிப் படுக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று அவரை இன்றுவரை நான் கேட்டதில்லை.

படுத்தபடியே உண்மையைச் சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை.

"ஐயா, உங்க கூட்டாளி எறந்து ரெண்டு மாசமாச்சு. இதே கட்டில்லதான். நான்தான் போய் எடுத்துட்டு வந்தேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் கண் வளையத்திலேயே இருந்தது.

"தெரியும் தம்பி. எம்மவ போன் கெட்டுப் போச்சுன்னு சொன்னப்பவே தெரியும். ஒரு போன ரிப்பேர் பண்ண ரெண்டு மாசமா? செத்துப் போனது தெரியும். ஏன் இன்னும் எந்திரிக்காம கெடக்கான்னுதான் வெளங்கல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடைசியா என்ன கேட்டான்?"

கட்டிலை எடுக்கப் போன அன்று கூட்டாளியின் மகன் சொன்னது ஞாபகம் வந்தது. "தே ஓ கேட்டாராம் ஐயா. தண்ணி கொதிக்கிறதுக்குள்ள…"

"அதான பாத்தேன்" என்றார் பெரியவர். மகளைக் கூப்பிட்டார். "ஒரு தே ஓ போட்டுக் கொண்டாம்மா. சீனி தூக்கலா."

நான் எழுந்தேன். ஸ்பிரிங் கத்தியது. சுவரோரம் போய் நின்றுகொண்டேன். பால் விடாத அந்தத் தேநீர் ஆவியோடு வந்தது. மகள் டம்ளரை வளையத்தில் வைத்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

காத்திருந்தோம். காத்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே ஒரு செம்பனை மட்டைகூட அசையவில்லை. நாய்கள் மூன்றும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. ஆவி மெலிந்து நின்றுபோனது.

அப்போது கட்டில் 'கிறீச்' என்றது. நான் எழும்போது கேட்கிற அதே சத்தம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரோரம்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"ம், தூக்குங்க" என்றார் பெரியவர்.

தூக்கிப் படுக்க வைத்தோம். ஒரு நீண்ட மூச்சு விட்டார். மிஸ்ஸி புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். பிறகு டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

லோரியில் வரும்போது கேட்டேன். "மிஸ்ஸி, டம்ளர்ல தே இருந்துச்சா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே."

அடுத்த வாரமும் கேட்டேன். அதே பதில்தான். கூட்டத்தில் செயலாளர் வாசித்த குறிப்பில் "கட்டில் ஒன்று வழங்கப்பட்டது" என்று இருந்தது. விதியை மீறியதற்கு என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மிஸ்ஸி வாராவாரம் போய்க் கட்டு மாற்றிவிட்டு வந்தார். புண் சுருங்குகிறது என்றார். பிறகு தன் மகளின் பிரசவத்துக்காக ஜொகூருக்குப் போய்விட்டார். அவர் இல்லாத அந்த மாதத்தில்தான் போன் வந்தது.

"அண்ணே, கட்டில வந்து எடுத்துக்குங்க."

சரிம்மா என்று வைத்துவிட்டேன். சனிக்கிழமை சிலிபினில் மாலை வாங்கிக்கொண்டு செயலாளரோடு கிளம்பினேன்.

லயத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் தே ஓ. நான் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"மாலை யாருக்கு தம்பி?"

"அம்மனுக்கு" என்றார் செயலாளர். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நல்லது. போட்டுட்டு வாங்க." பெரியவர் டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தார். "புண்ணு ஆறிப்போச்சு. புடிச்சுக்கிட்டு நாலு எட்டு நடக்கிறேன். கட்டிலு நல்ல கட்டிலுதான், கொற சொல்ல மாட்டேன். ஆனா அவன் திரும்ப வந்துட்டான். ரெண்டு பேருக்கு எடம் பத்தல. இந்த வயசுல யாரு நெருக்கியடிச்சுக்கிட்டுப் படுக்கிறது? நான் பாயிலயே சமாளிச்சுக்குவேன். அவன மட்டும் கூட்டிட்டுப் போயிருங்க."

மகளைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

எங்கள் கிளப்பில் அப்படித் திரும்பி வந்த முதல் கட்டில் அது. படுத்தவர் எழுந்து வாசலில் நின்று கையசைக்க, கட்டிலை ஏற்றிக்கொண்டு வந்தோம். துள்ளியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். வளையத்தைக் கழற்றலாம் என்று இடுக்கியை எடுத்தேன். மறுபடி பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.

செம்பனைக் காட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தோம். பள்ளிக்கூடத்தின் முன்னால் வேகத்தடைகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் மெல்ல ஏற்றி இறக்கினேன்.

"ஏன் இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறீர்கள்?" என்றார் செயலாளர்.

நான் அடுத்த தடைக்குக் கியரைக் குறைத்தேன். அவர் திரும்பி, பின் கண்ணாடி வழியாகத் தார்ப்பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, மெதுவாகவே போங்கள்" என்றார்.