பிரசாத்தின் நான்காம் கட்டம்

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, கிவி நாட்டுப் பக்குரங்காவில் பிரசாத் வீட்டுக் கராஜ் கதவு பாதிவரை மட்டும் ஏறி நிற்கும். "முழுசாத் தெறந்தா சவுண்டு வெளிய ஓடிருமுங்க" என்பார். எல்லோரும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே பிப்ரவரிக் கோடை வெக்கையில், கழுத்துவரை கம்பளி ஸ்வெட்டரோடு, ஆறடி மனிதர் கீபோர்டுக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நிற்பார். பனியனுக்குப் பேர்போன திருப்பூரில் பிறந்தவர். ஐஸ்லாந்தை யூடியூபில் பார்த்ததோடு சரி.

நுழைந்ததும் பாடம் ஆரம்பம். வெதூர் என்று ஐஸ்லாந்தில் ஒரு மின்னிசைக் குழுவாம். பெயரைக் கேட்டால் அவிநாசிப் பக்கத்து ஊர் போலிருக்கும்.

"மொத ஆல்பத்துல ஒம்போது பேருங்க. வயலின், ட்ரம்ஸ் எல்லாம் உண்டு. ரெண்டாவதுல அஞ்சு பேரு, ட்ரம்ஸத் தூக்கிட்டு மெஷின வெச்சாங்க. மூணாவதுல ரெண்டே பேரு. பாட்டையே துண்டு துண்டா வெட்டித் தாளமாக்கிட்டாங்க. இதுக்குப் பேரு தேய்மானம் இல்லீங்க, வளர்ச்சி."

நாலாவது ஆல்பம்? பதினோரு வருடமாக வரவில்லை. அதைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரியும் கிடையாது.

பிரசாத்தின் குழுவிலும் தொடக்கத்தில் ஒன்பது பேர். சுவரில், கட்டத்துக்கு ஒரு வரிசையாக ஆள் கணக்கு எழுதிய அட்டவணை ஒட்டியிருக்கிறார்: இடப்பக்கம் வெதூர், வலப்பக்கம் நாங்கள். இங்கே குடியுரிமை கைக்கு வந்ததும் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுவது நம் ஆட்களின் வழக்கம். கோகுல் பிரிஸ்பேன் போனான், பழனிசாமி மெல்போர்ன் போனார். ஒவ்வொரு வழியனுப்பு விருந்திலும் பிரசாத் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, "நாம அடுத்த கட்டத்துக்குப் போறோம்" என்று உரையாற்றுவார். போகிறவருக்கு வாழ்த்தாக ஒரு வார்த்தை வராது.

நான் எங்கும் போகவில்லை. ஆனாலும் இரண்டாம் கட்டத்தில் கழிக்கப்பட்டேன். "உங்க தபேலாவ இனி இந்தப் பொட்டி பாத்துக்கும்" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்தான்.

போன வருடம் பாபகூராவில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. பிரசாத் கீபோர்டில் இருபது நிமிடம் பனிக்காற்று ஊளையிடுவதை வாசித்தார். முன்வரிசையில் இருந்த செல்வரத்தினம் ஐயா மேடைக்கே வந்து, "தம்பி, மைக் பழுதோ?" என்று கேட்டார். அப்போது எங்கள் பாடகி கம்சாயினி வாய் திறந்து இரண்டு வரி பாடினாள். சாப்பாட்டுத் தட்டோடு வெளியே போன கூட்டம் திரும்பி வந்து உட்கார்ந்தது. எங்களை யாராவது கூப்பிடுகிறார்கள் என்றால் அந்தக் குரலுக்காகத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிரசாத்தோ காரில் வரும்போது, "ஹால்ல எக்கோ சரியில்ல" என்றார். அவளிடம், "குரலும் ஒரு கருவிதான்மா, ரொம்ப நீட்டாதே" என்றார்.

கம்சாயினி மருத்துவமனையில் தாதி. குள்ளம். வாராவாரம் வந்ததும் மைக் கம்பத்தைத் தன் உயரத்துக்கு இறக்குவாள். அவள் போனதும் இவர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றி வைப்பார்.

போன ஞாயிறு, அங்கே கிடந்த என் தபேலா சுத்தியலை எடுக்கப் போயிருந்தேன். குழுவில் மீதி அவர்கள் இருவர்தான். பயிற்சி முடிந்ததும் அவள் சொன்னாள்: "அண்ணா, எனக்கும் ஆஸ்திரேலியாவில, பேர்த்தில வேலை கிடைச்சிட்டுது. வாற மாசம் போறன்."

பிரசாத் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பினார். "வெதூர்லயும் இப்படித்தாம்மா, நாலாவது கட்டத்துல..." இடப்பக்கம் மூன்று வரிசைகள்தான் இருந்தன.

"நாலாவது இன்னும் வரேல்லையே அண்ணா," என்றாள். பையைத் தோளில் மாட்டினாள். "நீங்கள் ஒருநாளும் 'நல்லாப் பாடுறாய்' எண்டு சொன்னதில்லை."

"அதுக்குத்தான் போறியாம்மா?"

"இல்லை அண்ணா, வேலைக்குத்தான் போறன். சும்மா சொன்னனான்."

குனிந்து கதவைத் தாண்டிப் போய்விட்டாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. இப்போது பென்சிலை எடுத்து வலப்பக்கம் '1' என்று எழுதுவார், கூடவே எனக்கு ஒரு உரையும் கிடைக்கும் என்று காத்திருந்தேன். சிரிப்பைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் அட்டவணைப் பக்கம் போகவில்லை. மைக் அருகே வந்தார். கம்பத்தின் திருகில் கை வைத்தார், எடுத்துவிட்டார். பிறகு அந்த ஆறடி உடம்பை முழங்காலிலும் இடுப்பிலும் மடக்கி, அவள் வைத்துப்போன உயரத்துக்கே குனிந்து, "செக், செக்" என்றார்.