சத்தம் போடாத பெட்டி

எங்கள் வீட்டில் குழந்தைக்கென்று முன்கூட்டியே வாங்கிய ஒரே பொருள் ஒரு கம்ப்யூட்டர். அது குழந்தையை மனதில் வைத்து வாங்கியது என்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். இத்தனை நாள் வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

எனக்கு ஊர் ஆரம்பாக்கம். நெல் போடுகிற குடும்பம். ராத்திரியில் தவளைச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காத வீட்டில் வளர்ந்தவன். மனைவி ஏரிக்கரையில் இருக்கிற கோட்டைக்குப்பத்துக்காரி, மீன்பிடிக் குடும்பம். காதல் கல்யாணம் என்பதால் என் வீட்டில் பேச்சு நின்றுபோனது. அவள் அப்பா அம்மா வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். வாடகை கட்டுகிறவன் எப்படி வீட்டோடு மாப்பிள்ளை ஆவான் என்று நானும் சளைக்காமல் சண்டைக்குப் போவேன்.

வேலை சென்னையில் ஒரு கம்பெனியில். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுப்பது, சிக்கிக்கொண்ட காகிதத்தைப் பிரிண்டரிலிருந்து உருவுவது, இவ்வளவுதான். இதற்காகப் பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று ஒரு நாளில் பாதியைத் தொலைத்துக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. அவளுக்கு மூன்று மாதம் என்று தெரிந்த அன்று எனக்கு முதலில் தோன்றியது, என் பிள்ளை என்னைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவே போவதில்லை என்பதுதான்.

இதற்கு ஒரு வழி இருந்தது. சர்வர்களை நிர்வகிக்கக் கற்றுக்கொண்டு ஒரு பரீட்சை எழுதினால், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைக்கும். கற்றுக்கொள்ளப் புத்தகம் போதாது. பலமான ஒரு மிஷின் வேண்டும். அதில் ஒரு மென்பொருளைப் போட்டால் ஒரே மிஷின் உள்ளுக்குள் ஏழெட்டு மிஷின்களாகப் பிரிந்து நிற்கும். அவற்றைக் கெடுத்து, சரிசெய்து, மறுபடி கெடுத்துப் பழக வேண்டும். குழந்தை பிறப்பதற்குள் பரீட்சையை முடித்துவிடுவது என்று கணக்குப் போட்டேன்.

மாமாவுக்கு இது விளங்கவில்லை. "ஒரே பொட்டி. அதுக்குள்ள எட்டுப் பொட்டி. இன்னா கதை வுட்றாரு உன் ஊட்டுக்காரரு?" என்று மகளிடம் கேட்டார்.

"ஏரி ஒண்ணு தான நைனா. நீங்க பாடு பிரிச்சி ஆளுக்கு ஒரு முறை வலை போடல? அது மாதிரி தான்" என்றாள் அவள்.

ஏரியில் யார் எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிப்பதற்குப் பாடு என்று பெயர். மாமா கொஞ்சம் யோசித்தார். "எட்டுப் பேரும் ஒரே நாள்ல எறங்கிட்டா?" என்றார். பரீட்சையில் பின்னால் இதே கேள்வி வேறு வார்த்தைகளில் வந்தது. மெமரி போதாது மாமா, எல்லாம் நின்றுவிடும் என்றேன். "அப்ப பெரிசா வாங்கு" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கும் பெரிதாக வாங்கத்தான் ஆசை. இரண்டு மாதம் நான் மனுஷனாகவே இல்லை. எந்த பிராசஸர், எத்தனை கோர், எத்தனை ஜிபி மெமரி, அதைப் பிறகு கூட்ட முடியுமா, எந்த டிஸ்க் என்று ஒரு நோட்டில் எழுதி எழுதி அடித்தேன். சோறு போட்டால் ஒரு கையில் நோட்டு. கடைசியில் இரண்டு மிஷின்கள் மிஞ்சின. ஒன்று, பெரிய கம்பெனிகள் கழித்துப் போட்ட பழைய சர்வர். தட்டையாக, ஒரு ஆள் தூக்க முடியாத கனத்தில் இருக்கும். இரண்டு பிராசஸர், வேண்டிய மட்டும் மெமரி. எட்டு என்ன, இருபது மிஷினைக்கூட உள்ளே ஓட்டலாம். ஆனால் சூட்டைத் தணிக்க அதற்குள் வரிசையாக ஆறு ஃபேன் சுற்றும். அந்தச் சத்தம் சாமான்யமானதல்ல. மற்றொன்று, ஃபேனே இல்லாத சின்னப் பெட்டி. மெமரி பாதிகூடக் கிடையாது, ஆனால் துளி சத்தம் வராது.

எங்கள் ஊர்க் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். ஃபேன் இருந்தால் அந்த உப்புக் காற்றை உள்ளே இழுத்துப் போர்டை அரித்துவிடும் என்று சின்னப் பெட்டிக்கு ஆதரவாக நோட்டில் எழுதியிருந்தேன். அது ஒப்புக்கு எழுதியது. மனசெல்லாம் பெரியதில்தான் இருந்தது.

அதை நேரில் பார்க்கச் சென்னையில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற ஒரு மாடிக் கடைக்குப் போனோம். அவளுக்கு அப்போது ஐந்து முடிந்து ஆறாவது மாதம். அன்று ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்ததால் அவளும் கூட வந்தாள். கடைக்காரர் நடுத்தர வயதுக்காரர், காதில் பென்சில் சொருகியிருந்தார். பொத்தானை அழுத்தினார்.

அந்த மாதிரி சர்வரைப் போட்டதும் முதல் அரை நிமிஷம் எல்லா ஃபேனும் முழு வேகத்தில் சுற்றும், பிறகு தணியும். படித்திருக்கிறேன். கேட்டதில்லை. மேஜை அதிர்ந்தது. அவள் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாயா இது, போட் இன்ஜின் மாதிரி" என்றவள், உடனே என் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "குதிக்குதுயா. பாரேன்."

அதுவரை நான் கை வைத்தபோதெல்லாம் அது அசைந்ததே இல்லை. அன்று உள்ளங்கையில் மூன்று முறை, நான்கு முறை, இடித்து இடித்துத் தள்ளியது. கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

"பயந்துடுச்சி. நிறுத்தச் சொல்லு" என்றேன்.

"பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க ஊட்டுப் புள்ளைங்க இன்ஜின் சத்தத்துல தான் தூங்கும். உனக்குப் புடிச்சிருந்தா வாங்கு."

வாங்கவில்லை. தவளைச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு எல்லாம் தெரியும் அல்லவா. குழந்தை தூங்குகிற வீட்டில் இதை வைத்தால் அது எப்படித் தூங்கும் என்று ரயிலில் வரும்போது அவளுக்கு வகுப்பு எடுத்தேன். மறுநாளே சின்னப் பெட்டிக்கு ஆர்டர் போட்டேன்.

அத்தைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று எதுவும் வாங்கக்கூடாது. தொட்டில் கூடாது, துணி கூடாது, ஒரு சோப்பு டப்பாகூடக் கூடாது. பக்கத்து வீட்டம்மா ஆசையாக ஒரு குல்லா பின்னிக் கொண்டுவந்தபோது, பிறந்த பிறகு கொடு என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே சிரித்தோம், ஆனால் மீறவில்லை.

பார்சல் வந்த அன்று அத்தை வீட்டில் இருந்தார். "இன்னா அது?" என்றார். ஆபீஸ் சாமான் என்றேன். அறைக்குள் வந்ததும் அவள் என் காதருகில், "பாப்பா தூங்குறதுக்கு வாங்குனதுனு சொல்லிடவா?" என்றாள். சும்மா இரு என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஓடாத நேரத்தில் உப்புப் படாமல் இருக்கப் பழைய பாவாடைத் துணியில் அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டாள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தைத்த துணி அது ஒன்றுதான்.

பெட்டி நன்றாகவே ஓடியது. ஐந்து மிஷின் வரை தாங்கியது, ஆறாவதைப் போட்டால் திணறும். அவள் அவ்வப்போது வந்து காதை வைத்துப் பார்ப்பாள். "ஓடுதா, செத்துப் போச்சா?" என்பாள். முன்பக்கம் கடுகு அளவு நீல விளக்கு ஒன்று எரியும். அதைக் காட்டுவேன். பக்கத்தில் பாப்பா தூங்கினால்கூடத் தெரியாது என்று பெருமையடித்துக்கொள்வேன்.

எட்டாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பெட்டியின் முன்னால் இருந்தேன். அவள் கதவில் சாய்ந்து நின்று, "நேத்துலேர்ந்து ஆடவே இல்லய்யா" என்றாள். சில்லென்று தண்ணீர் குடித்து இடது பக்கமாகப் படு, ஆடும் என்றேன். எங்கோ படித்தது. அவள் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்க் கேட்டபோது இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் வயிற்றின் மேல் அந்தக் கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். போன தடவை அதில் டக் டக்கென்று வேகமாக ஒரு சத்தம் வந்தது. இந்தத் தடவை அவர் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். வெறும் இரைச்சல்தான் வந்தது. கொடி சுற்றியிருக்கிறது, துடிப்பு முந்தின நாளே நின்றிருக்கும், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். நம்பினாலும், நான் சொன்ன அந்தத் தண்ணீரை நினைக்காத நாளில்லை.

பெண் குழந்தை. தலை நிறைய முடி. அவளைச் சுற்ற எங்களிடம் ஒரு துணி இல்லை. என் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தேன். மாமாவும் நானும் சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் கொண்டுபோய் வைத்தோம். இவ்வளவு இலேசாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோதுதான் அத்தையின் கட்டுப்பாடு எதற்கு என்று புரிந்தது. எடுத்து ஒளித்துவைக்க வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. தொட்டில் இல்லை, குல்லா இல்லை. வெறுங்கையோடு வருகிறவர்களுக்காக யாரோ எப்போதோ யோசித்து வைத்த இரக்கம் அது. அதைப் போய்க் கிண்டல் செய்தேன்.

அத்தை பெட்டி இருந்த அறை வாசலில் உட்கார்ந்து அழுதார். "ஒரு துணி வாங்கலயே. ஒரு சாமான் வாங்க வுடலயே. பாத்துப் பாத்து தான இருந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்த நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஆனாலும் எழுந்துபோய் வயரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது, அவ்வளவுதான். அறை முன்பு எவ்வளவு அமைதியாக இருந்ததோ அவ்வளவு அமைதியாகவே இருந்தது.

பிறகு பரீட்சை எழுதித் தேறினேன். வீட்டிலிருந்து பார்க்கிற வேலையும் கிடைத்தது. இப்போது பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். காலை வெயில் அறைக்குள் வந்து தரையில் விழுந்து, சுவரில் ஏறிப் போவது வரை எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

ஏழெட்டு மாதம் அவள் அந்த அறைக்குள் வரவில்லை. ஒரு நாள் மதியம் சோறு போட்டுக்கொண்டே, "அந்தக் கடைக்கு ஒரு வாட்டி இட்டுனு போ" என்றாள்.

"எந்தக் கடை?"

"அந்த சத்தம் போட்ட மிஷின் கடை."

எதற்கு என்று கேட்டேன். குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு அது பயப்படலய்யா. நீ தான் பயந்த. உன்னாண்ட சண்டை வேணாம்னு சொல்லாம வுட்டுட்டேன். அன்னிக்கு ஆடுன மாதிரி அது எப்பவுமே ஆடல. குஷியா ஆடிச்சி. எனக்குத் தெரியும்."

அவள் சொன்னது பொய் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் மகள் உயிரோடு என் கையில் பட்டதே அந்த ஒரு நாள்தான். அதையும் நிறுத்தச் சொன்னவன் நான்.

மறுநாளே போனோம். அந்த மிஷின் விற்காமல் கீழ்த் தட்டில் தூசி படிந்து கிடந்தது. கடைக்காரருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. "வாங்க தங்கச்சி" என்று சிரித்தவர், அவளையும் எங்கள் இரண்டு பேரின் வெறும் கைகளையும் பார்த்தார். கேட்க வந்ததைக் கேட்காமல் விட்டுவிட்டார். "இது நல்ல மிஷின் சார். சத்தம் ஒண்ணு தான் கொறை" என்று என்னிடம் சொன்னார்.

"வாங்கறதுக்கு இல்லண்ணா. ஒரு வாட்டி போட்டுக் காமிங்க" என்றாள்.

அவரும் நானும் அதை மேஜைக்கு ஏற்றினோம். அவர் தூசி தட்டிப் பொத்தானை அழுத்தினார். அதே ஓலம். மேஜை அதிர்ந்தது. அவள் என் கையை எடுத்து, அன்று வைத்த அதே இடத்தில், புடவைக்கு மேல் வைத்துத் தன் கையால் அழுத்திக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தாள். என் உள்ளங்கையில் அவள் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. அரை நிமிஷத்தில் ஃபேன்கள் ஒவ்வொன்றாகத் தணிந்து, கடையில் தெருச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான் கையை எடுக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"இன்னொரு வாட்டி போடுங்கண்ணா" என்றாள்.